என்.சி.சி.யா, என்.எஸ்.எஸ்.ஸா, பாஜா டீமா? வேலூர்ப் பக்கம் இன்ஜினீயரிங் சேர்ந்தவர்களுக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

முதல் வருஷ வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஆவதற்குள் ஆள் பிடிக்க வந்துவிடுவார்கள். மைதானத்தில் வரிசையாக நிற்கவைத்து உயரம் பார்த்து, ஓடவிட்டு எடுப்பது என்.சி.சி., அதாவது தேசிய மாணவர் படை. வகுப்புக்கே வந்து பேர் எழுதிக்கொள்வது என்.எஸ்.எஸ்., அதாவது நாட்டு நலப்பணித் திட்டம். ஒர்க்‌ஷாப் வாசலில் போன வருஷத்து வண்டியை நிறுத்தி, இன்ஜினை உறுமவிட்டுக் கூட்டம் சேர்ப்பது, சொந்தமாக வண்டி கட்டிப் போட்டிக்குப் போகிற பாஜா டீம். காட்பாடியோ பாகாயமோ மேல்விஷாரமோ, மூன்றும் எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. ஆனால் இருக்கிற இடத்தில் இந்தக் குழப்பம் கட்டாயம் இருக்கும்.

ரெஸ்யூமேவில் எது எடுப்பாகத் தெரியும் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: உங்கள் நேரத்தை அது எந்த மாதத்தில் பிடுங்கும்? என்.சி.சி. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். என்.எஸ்.எஸ். வருஷத்தில் ஒரு வாரத்தை மொத்தமாகக் கேட்கும், மற்ற நாளில் பெரிய தொந்தரவு இல்லை. பாஜா, கந்துவட்டிக்காரர் மாதிரி. ஆறு மாதம் சத்தமே இருக்காது. ஏழாவது மாதம் வட்டியும் முதலுமாகச் சேர்த்து வாசலில் வந்து நிற்கும்.

என்.சி.சி.

கம்மவான்பேட்டை மாதிரி, வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் என்று பேர் வாங்கின ஊர்கள் இருக்கிற மாவட்டம் இது. அதனால் இங்கே என்.சி.சி.க்கு மவுசு அதிகம், சேர்கிற போட்டியும் அதிகம். முதல் வருஷத்தில் விட்டால் பிறகு நுழைவது கஷ்டம்: பி சான்றிதழ்த் தேர்வு இரண்டாம் வருஷ முடிவில், சி சான்றிதழ் மூன்றாம் வருஷத்தில் என்று கணக்கு மூன்று ஆண்டுக்குப் போட்டது. இரண்டு தேர்வுக்கும் பரேடில் 75 சதவீத வருகை வேண்டும். பி சான்றிதழுக்கு ஒரு கேம்ப், சி எழுத இன்னொன்று. வருடாந்தர கேம்ப் பத்து நாள் நடக்கும். அது செமஸ்டர் லீவில் விழுந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இன்டர்னல் தேர்வோடு மோதினால், கிளம்புவதற்கு முன்பே துறைத்தலைவரிடம் ஓ.டி. (ஆன் டியூட்டி) கையெழுத்து வாங்கிவிடுங்கள். திரும்பி வந்து வாங்கலாம் என்று போனவர்கள்தான் மறுதேர்வுக்கு அலைகிறார்கள்.

பெரிய தவறான நம்பிக்கை ஒன்று இருக்கிறது: "சி சர்ட்டிபிகேட் இருந்தா ஆர்மி வேலை கன்ஃபார்ம்." அப்படி இல்லை. சி சான்றிதழில் குறைந்தது பி கிரேடும், பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால், என்.சி.சி. சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி. என்கிற ராணுவ அதிகாரித் தேர்வு நேர்காணலுக்குப் போகலாம். சலுகை அவ்வளவுதான். எஸ்.எஸ்.பி. ஐந்து நாள் சலிக்கும். அதில் தேறி, மருத்துவப் பரிசோதனையும் முடிந்து, தகுதிப் பட்டியலில் பேர் வந்தால்தான் பரங்கிமலை அதிகாரிப் பயிற்சி அகாடமி. ஆனாலும் அந்த எழுத்துத் தேர்வை மட்டும் இரண்டு வருஷம் உட்கார்ந்து படிக்கிறவர்களைப் பார்த்தால், இந்தச் சலுகையின் கனம் தெரியும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் என்.சி.சி.க்குத் தனி கிரெடிட் பாடமே இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் கிரேடு ஏறும், சி.ஜி.பி.ஏ. கணக்கில் சேராது. யாராவது "சி.ஜி.பி.ஏ. ஏறும்டா" என்று இழுத்தால் நம்பவேண்டாம்.

என்.எஸ்.எஸ்.

காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24-ல் தொடங்கின திட்டம். பேட்ஜில் இருக்கிற கோனார்க் தேர்ச்சக்கரத்தின் எட்டு ஆரமும் நாளின் எட்டு ஜாமம். கணக்கு எளிது: வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240, அதோடு ஏழு நாள் கிராம முகாம் ஒன்று. சேர்வது சுலபம், அதனாலேயே மதிப்புக் குறைவு. பாதிப் பேர் பேருக்கு இருப்பார்கள். மணிக்கணக்கு நோட்டில் மட்டும் ஓடும். இது உண்மை, மறைப்பதில் பயனில்லை.

ஆனால் ஒழுங்காக நடத்தினால் மூன்றிலும் ஊரோடு ஒட்டுவது இதுதான். ஒழுங்காக நடக்காததற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை, வேலையைத் தேர்ந்தெடுக்கத் தெரியாததும்தான். மூன்று பழைய தவறுகள் வருஷாவருஷம் திரும்பும்.

முதலாவது, மார்ச் மாதத்தில் மரம் நடுவது. வேலூர் வெயிலில் ஏப்ரல், மே இரண்டு மாதம் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் கன்று கருகிப்போகும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதே அளவில் குழியைச் செப்டம்பரிலேயே எடுத்து, மக்கின எருவைக் கலந்து ஆறப்போட்டு, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் வேம்போ புங்கனோ நட்டால் பிழைக்கும். போட்டோவுக்கு நூறு கன்று நடுவதைவிட, கூண்டு போட்ட இருபது கன்று போதும். கூண்டில்லாத கன்றை முதல் வாரமே ஆடு முடித்துவிடும்.

இரண்டாவது, பாலாற்றுப் படுகையில் சீமைக்கருவேலை வெட்டுவது. அரிவாளோடு ஐம்பது பேர் ஒரு நாள் முழுக்க வெட்டுவார்கள். அடுத்த மழைக்கு ஒவ்வொரு அடிக்கட்டையிலிருந்தும் நாலைந்து கிளை வெடித்து, முன்னைவிட அடர்த்தியாக நிற்கும். வேரோடு பிடுங்கினால்தான் உண்டு, அதற்கு ஜே.சி.பி. வேண்டும். மாணவர் கையில் நாற்று வயசுச் செடியை மட்டும் பிடுங்கக் கொடுங்கள்.

மூன்றாவது, கணியம்பாடி, அணைக்கட்டு பக்கம் முகாம் போட்டு, நூறு நாள் வேலைக்காரர்கள் எடுத்து முடித்த வாய்க்காலையே மறுபடி சுரண்டுவது. ஊர்ப் பெண்கள் வரப்பில் உட்கார்ந்து சிரிப்பார்கள். இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு அவர்களால் முடிகிற வேலை இருக்கிறதே: பேனா அளவு டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்பளவு) மீட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு ஊரின் எல்லாக் கிணறு, போர் தண்ணீரையும் அளந்து, தெருவாரியாக வரைபடம் போட்டுப் பஞ்சாயத்தில் கொடுக்கலாம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்க ஏற்றது. வேறு தண்ணீரே இல்லை என்றால் உச்சவரம்பு 2000 என்பது இந்தியத் தரநிலை. ஒரு எச்சரிக்கை: டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். தோல் தொழிற்சாலைக் கழிவு பட்ட பகுதியில் மக்கள் பயப்படுகிற குரோமியம் அதில் தெரியாது. மீட்டர் குறைவாகக் காட்டுகிறது என்பதற்காக "உங்க தண்ணி நல்ல தண்ணிம்மா" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டிய இடம் அது.

முகாமில் சாப்பாடுதான் ஆளைக் கட்டிவைக்கிறது. மண்வெட்டி பிடித்துவிட்டு வருகிற ஐம்பது பேருக்கு மதியத்துக்கு ஆளுக்கு 200 கிராம் அரிசி என்று 10 கிலோ போடுங்கள். வீட்டுக் கணக்கில் 6 கிலோ போட்டால் கடைசிப் பந்திக்கு ரசம்தான் மிஞ்சும். இடம் பார்க்கப் போகும்போது பள்ளிக்கூட ஹாலைப் பார்க்கிறார்கள், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதில்லை. பெண்கள் இரண்டாம் நாளே வீட்டுக்குக் கிளம்புவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

ரத்ததானமும் என்.எஸ்.எஸ். கணக்கில்தான் வரும். சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிற ஊரில் தேவை என்றைக்கும் உண்டு. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து, தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல் நிற்கிற குடும்பங்கள் ஏராளம். 18 வயசு, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருக்கவேண்டும். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விடவேண்டும். முகாமன்று காலையில் டிபன் சாப்பிடாமல் வருகிறவர்தான் மயங்கி விழுவார். அவரைப் பார்த்து அடுத்த பத்துப் பேர் நழுவுவார்கள். வாசலிலேயே இட்லி வைத்துவிடுங்கள்.

பாஜா டீம்

இன்ஜினீயரிங் என்றால் என்ன என்று கையில் கிரீஸோடு தெரிந்துகொள்ள இதற்கு ஈடு கல்லூரியில் வேறு இல்லை. ஒருவர் உட்காரும், காட்டுப்பாதையில் ஓடும் நாலு சக்கர வண்டியை மாணவர்களே வடிவமைத்துக் கட்டி, வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. இந்தியா நடத்தும் போட்டிக்குக் கொண்டுபோவது. முதல் போட்டி 2007-ல், இந்தூர் பக்கத்துப் பிதாம்பூரில். பல வருஷமாக பெட்ரோல் பிரிவில் எல்லா டீமுக்கும் ஒரே இன்ஜின்: பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், 305 சி.சி., 10 குதிரைத்திறன். ஆகவே வித்தியாசம் முழுக்க நீங்கள் கட்டுவதில்தான். சேசிஸ் (வண்டியின் எலும்புக்கூடு), சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், பிரேக்.

சேசிஸ் குழாயில் முதல் முடிவு. விதிப்படி 25 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. கனம், 0.18 சதவீதமாவது கார்பன் உள்ள எஃகு. அது மீட்டருக்கு 1.6 கிலோவுக்கு மேல் வரும். வளைவு வலிமையும் விறைப்பும் குறையவில்லை என்பதைக் கணக்கில் நிரூபித்தால் 29.2 மி.மீ. விட்டம், 1.65 மி.மீ. கனமுள்ள 4130 என்ற கலவை எஃகுக் குழாய் போடலாம். மீட்டருக்கு ஏறக்குறைய 1.1 கிலோ. 30 மீட்டர் என்று வைத்தால் 15 கிலோ மிச்சம். ஆனால் 4130-ன் விலை பல மடங்கு, மெல்லிய குழாய்க்கு டிக் வெல்டிங்கும் கை பழகின ஆளும் வேண்டும். முதல் வருஷ டீம் கனமான குழாயிலேயே கட்டுவது புத்திசாலித்தனம். சென்னை செம்புதாஸ் தெருவில் வாங்கும்போது குழாயில் என்ன எஃகு என்று சொல்லும் மில் சர்டிபிகேட்டைக் கையோடு கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் ஆய்வு மேஜையில் நிற்கமுடியாது.

வெல்டிங்குக்கு நாம் கொடுத்துவைத்தவர்கள். பெல் (BHEL) ஆலையைச் சுற்றி ராணிப்பேட்டையில் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் நிறைய. அங்கே பழம் தின்று கொட்டை போட்ட வெல்டரிடம் "நிக்குமா அண்ணே?" என்று கேட்டால், "தம்பி, இரும்பு உடையும், என் ஜாயின்ட் உடையாது" என்பார். போட்டியின் வெல்ட் சோதனையும் அதையேதான் கேட்கிறது: மாதிரித் துண்டை இழுத்து உடைக்கும்போது குழாய்தான் கிழியவேண்டும், வெல்ட் விடக்கூடாது. இன்னொரு துண்டை நெடுக்காக அறுத்து, உருக்கு உள்ளே இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மாதிரித் துண்டை ஒருவரும் வண்டியை இன்னொருவரும் வெல்ட் செய்வது மோசடி. அது உயிரோடு விளையாடுவதும்கூட. நல்ல வெல்டர் இருந்தும் தோற்பது ஏன் என்றால், மாணவர்கள் வெட்டிக்கொடுக்கிற குழாய். ஒரு குழாயின் வாய் இன்னொன்றின் வளைவில் இடைவெளி தெரியாமல் உட்காரவேண்டும். இடுக்கை வெல்டால் நிரப்பினால் மேலே அழகாக இருக்கும், உள்ளே பொக்கு.

கியர்பாக்ஸுக்கு மஹிந்திரா ஆல்ஃபா ஆட்டோவுடையதும், ஸ்டியரிங், ஹப்புக்கு மாருதி 800 பாகங்களும் ரொம்ப நாளாகப் பல டீம்களின் வழக்கம். காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் சென்னை, அங்கிருந்து பழைய பாகக் கடைகள் இருக்கிற புதுப்பேட்டை. பழைய பாகத்தைக் கடையிலேயே திறந்து, பல்சக்கரத்தின் பல்லைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

அதிக டீம்கள் அழுவது பிரேக்கில். நாலு சக்கரமும் ஒரே சமயத்தில் லாக் ஆகாவிட்டால் ஓட்டப் போட்டி எதிலும் இறங்கமுடியாது. பெரும்பாலும் குற்றவாளி லைனுக்குள் நிற்கிற காற்று. இரண்டு பேர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமாக இருக்கிற சக்கரத்தில் தொடங்குங்கள். அங்கே காற்றை வெளியேற்றும் நிப்பிளில் டியூப் மாட்டி, மறுமுனையை பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். ஒருவர் பெடலை நாலைந்து தடவை அடித்து, அழுத்திப் பிடித்தபடி "பிடிச்சாச்சு" என்பார். மற்றவர் நிப்பிளைத் திறந்து, குமிழி போனதும் மூடி "விடு" என்பார். மூடுவதற்கு முன் பெடலை விட்டால் காற்று திரும்ப உள்ளே. நடுவில் பிரேக் ஆயில் டேங்க் வற்றினால் முதலிலிருந்து. பழைய செப்பு வாஷரை மறுபடி போட்டால், ஒர்க்‌ஷாப்பில் பிடித்த பிரேக் போட்டியிடத்தில் கசியும்.

டிரைவர் அளவு இன்னொரு கோட்டை விடும் இடம். ஹெல்மெட்டுக்கும் மேல் குழாய்க்கும் இடையே 6 அங்குலம் வேண்டும். ஐந்து வினாடிக்குள் வெளியே குதிக்கவேண்டும். டிரைவரை முடிவு செய்யாமல் சேசிஸ் வரைந்துவிட்டு, கடைசியில் ஆறடி ஆளை உட்காரவைத்துப் பார்த்து முழிப்பார்கள்.

நேருக்கு நேர்

வருகைப்பதிவில் பாஜாதான் ஆபத்து. 75 சதவீதத்துக்குக் கீழே 65 வரை மன்னிப்பு என்பது மருத்துவம், விளையாட்டு மாதிரிக் காரணங்களுக்கு. ராத்திரி முழுக்க கிரைண்டர் பிடித்தேன், காலையில் எழவில்லை என்பது அதில் வராது. போட்டி பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. என்.சி.சி. தேர்வும் அதையொட்டித்தான் வரும். இரண்டையும் சேர்த்துத் தூக்குகிறேன் என்கிறவர் மூன்றாம் வருஷத்தில் ஒன்றைக் கீழே போடுவார்.

பணத்தில், என்.சி.சி.யும் என்.எஸ்.எஸ்.ஸும் கையைக் கடிக்காது. பாஜா வண்டிக்குச் சில லட்சம் ஆகும், ஸ்பான்சர் வராவிட்டால் பிரித்துப் போடுவது மாணவர் தலையில்.

குடியாத்தம், அரக்கோணம், ஆரணியிலிருந்து தினமும் வந்துபோகிறவர்களுக்குப் பாஜா ஏறக்குறைய மூடின கதவு. காலேஜ் பஸ் கிளம்பினபிறகுதான் அங்கே வேலையே தொடங்குகிறது. ஹாஸ்டல் பெண்களுக்கும் இதே தடை: இருட்டுவதற்குள் உள்ளே போகவேண்டும். அதைக் காரணம் காட்டி அவர்களுக்கு காஸ்ட் ரிப்போர்ட், டிசைன் ரிப்போர்ட் என்று காகித வேலையை மட்டும் தள்ளுகிற டீம்கள் உண்டு. அப்படிப்பட்ட டீமில் சேராதீர்கள். சனிக்கிழமை பகலில் ஒர்க்‌ஷாப் வேலை வைக்கிற டீமாகப் பாருங்கள்.

எங்கள் தீர்ப்பு: ராணுவ ஆசை நிஜமாக இருந்தால் என்.சி.சி., வேறு யோசனை வேண்டாம். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், ஹாஸ்டல், அரியர் இல்லை என்ற நாலும் பொருந்தினால் பாஜா. மற்றவர்களுக்கு என்.எஸ்.எஸ்., ஆனால் பேருக்கு இருக்காமல் முகாம் வேலையைத் திட்டமிடுகிற நாலைந்து பேரில் ஒருவராக. என்.சி.சி.யும் என்.எஸ்.எஸ்.ஸும் ஒன்றாகச் சேர பெரும்பாலும் விடமாட்டார்கள்.

பாஜா பக்கம் மனசு சாய்ந்தால், பேர் கொடுப்பதற்கு முன் கேப்டனிடம் மூன்று விஷயம் கேளுங்கள். போன வருஷ வண்டி இப்போது ஸ்டார்ட் ஆகுமா? பில்லும் விதிப்புத்தகமும் சோதனை அறிக்கையும் இருக்கிற ஃபைல் எங்கே? போன வருஷ டீமில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? "சீனியர் லேப்டாப்புல இருக்குடா, அவரு பாஸ் அவுட் ஆயிட்டாரு" என்று பதில் வந்தால், வாசலில் இன்ஜின் எவ்வளவு அழகாக உறுமினாலும் என்.எஸ்.எஸ். நோட்டைத் தேடிப் போய்ப் பேரை எழுதிவிட்டு வாருங்கள்.