‘ரிப்போர்ட் நார்மல்’ என்று அரிவாள் செல் நோயாளியைத் திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள்

ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துவிடும் அரிவாள் செல் ரத்தசோகை உள்ள என் தம்பியை ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவு நடத்திய விதத்தை, இதே நோயோடு போராடும் குடும்பங்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இடுப்பிலும் மார்பிலும் வலி தாங்காமல் சென்றவனிடம், வழக்கமாக எந்த மருந்து கேட்கும் என்று மருத்துவர் விசாரித்தார். முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி மருந்தின் பெயரையும் அளவையும் அவன் சொன்னதுதான் தாமதம், அவருடைய பேச்சின் தொனியே மாறிவிட்டது. ‘குறிப்பிட்ட ஊசியைக் கேட்டு வற்புறுத்துகிறார்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதினார். அதன்பின் வந்த ஒவ்வொருவரும் அந்த வரியைப் படித்துவிட்டு அவனைப் போதைக்கு அடிமையானவனைப் போலவே பார்த்தார்கள். கத்தாமல் கைப்பேசியை வெறித்துக்கொண்டிருந்ததும் அவனுக்கு எதிரான சாட்சியாயிற்று. சிறுவயது முதலே வலியோடு வளர்ந்தவர்கள் அப்படித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார்கள்.

ஹீமோகுளோபின் எப்போதும் உள்ள அளவிலேயே இருந்ததால் இது இந்த நோயில் திடீரென எழும் ‘நெருக்கடி வலி’யே அல்ல என்றார்கள். இது முற்றிலும் தவறு. வளைந்து இறுகிய சிவப்பணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைப்பதால் எழும் அந்த வலியை உறுதிசெய்யவோ மறுக்கவோ எந்த ரத்தப் பரிசோதனையும் கிடையாது. வந்த ஒரு மணி நேரத்துக்குள் வலி மருந்து தர வேண்டும், 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை வலியை மறுபடி மதிப்பிட வேண்டும் என்று அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. எங்களுக்கோ நெடுநேரக் காத்திருப்புக்குப் பின் கிடைத்தது பாரசிட்டமால் மட்டுமே.

மார்பு வலிக்கிறது என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்லியும் எக்ஸ்ரே எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பியதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. மறுநாள் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்து வேறு மருத்துவமனையில் சேர்த்தபோது, அது நுரையீரலைத் தாக்கும் ‘அக்யூட் செஸ்ட் சிண்ட்ரோம்’ என்று கண்டறிந்து, ஆக்சிஜன் கொடுத்து, ரத்தம் மாற்றிக் காப்பாற்றினார்கள். வலி நெருக்கடி தொடங்கிய சில நாட்களுக்குள் வரக்கூடிய இந்தச் சிக்கல் உயிரையே பறிக்கக்கூடியது.

ஆகவே, மருந்தையும் அளவையும் குறிப்பிட்டு உங்கள் ரத்தவியல் மருத்துவர் கையொப்பமிட்ட கடிதத்தை எப்போதும் கையில் வைத்திருங்கள். மார்பு வலியோ 38.5 டிகிரி செல்சியஸைத் தொடும் காய்ச்சலோ இருந்தால், ஆக்சிஜன் அளவும் எக்ஸ்ரேயும் பார்க்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். கேஸ் ஷீட் நகலையும் கேட்டு வாங்குங்கள். எங்கள் புகாருக்கு இப்போது ஆதாரமாக இருப்பது அது ஒன்றுதான்.