பிரீசீட்டுடன் ஆறு ஆண்டுகள்: தானியங்கி நிறுவிக்கு ஒரு பயனரின் முறையீடு

ஒரு கணினி ஆய்வகத்தின் 24 கணினிகளிலும் ஆண்டுக்கு ஒருமுறை டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும் பொறுப்பு என்னுடையது. ஆறு ஆண்டுகளாக இதற்குப் பிரீசீட் முறையையே பயன்படுத்திவருகிறேன். நிறுவி கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை ஒரு கோப்பில் முன்கூட்டியே எழுதிவைத்து, கணினிகளை நெட்வொர்க் வழியாக பூட் செய்துவிட்டால், வட்டைப் பிரிப்பதில் தொடங்கிப் பயனர் கணக்கு உருவாக்குவது வரை அதுவே பார்த்துக்கொள்கிறது. இரண்டு நாள் பிடித்த வேலை ஒரு பிற்பகலில் முடிகிறது என்ற நன்றியோடுதான் குறைகளைச் சொல்கிறேன்.

கோப்பில் நாம் செய்யும் பிழையை நிறுவி நம்மிடம் சொல்வதில்லை என்பதே பெரிய குறை. பிரீசீட் வரியில் தரவு வகைக்கும் மதிப்புக்கும் நடுவே ஒரேயொரு இடைவெளிதான் இருக்க வேண்டும். கூடுதலாக விட்டால் அதுவும் மதிப்பில் சேர்ந்துவிடும். எதையும் நேராக அடுக்கி எழுதும் பழக்கமுள்ள நான், முதல் ஆண்டில் மிரர் சேவையகத்தின் (டெபியன் தொகுப்புகளைத் தரும் நகல் சேவையகத்தின்) பெயருக்கு முன்னால் ஓர் இடைவெளியை அதிகமாக விட்டுவிட்டு, கோளாறு கேபிளில்தான் என்று நம்பி அரை நாள் சுவிட்சுகளை மாற்றிக்கொண்டிருந்தேன். கேள்வியின் பெயரை எழுத்துப்பிழையோடு எழுதினாலோ, அந்த வரி சத்தமில்லாமல் புறக்கணிக்கப்பட்டு, 24 திரைகளும் ஒரே கேள்வியைக் காட்டிக்கொண்டு நிற்கும். நிறுவியின் கேள்விகளைக் கையாளும் டெப்கான்ஃப் என்ற மென்பொருளுடன் வரும் சரிபார்ப்பு வசதி வரியின் வடிவத்தைப் பார்க்கிறதே தவிர, அப்படியொரு கேள்வி உண்டா என்று பார்ப்பதில்லை. ரெட் ஹாட் லினக்ஸ் வழி வந்த, இதே வேலையைச் செய்யும் கிக்ஸ்டார்ட் முறைக்கு கேஎஸ்வேலிடேட்டர் என்ற தனிக் கருவி இருக்கிறது. தெரியாத கட்டளையை அது நிறுவலுக்கு முன்பே சுட்டிக்காட்டிவிடும்.

வட்டு விஷயத்தில் பட்டது என் சொந்தத் தவறால். எல்லாக் கணினிகளுக்கும் எஸ்டிஏ (பூட் ஆகும்போது லினக்ஸ் வட்டுக்குத் தரும் பெயர்; எப்போதும் ஒரே வட்டுக்கு வரும் என்ற உறுதியில்லை) என்ற வட்டையே குறிப்பிட்டு, 'மாற்றங்களை எழுதலாமா' என்ற கேள்விக்கும் ஆம் என்று எழுதிவைத்திருந்தேன். இரண்டு வட்டுகள் கொண்ட ஒரு கணினியில் அன்றைக்கு அந்தப் பெயர் மாணவர்களின் செயல்திட்டங்கள் இருந்த வட்டுக்குப் போய்விட்டது. முந்தைய வாரத்துக் காப்புநகல் இருந்ததால் தப்பித்தேன். உபுண்டு சர்வரில் 20.04 பதிப்பிலிருந்து உள்ள ஆட்டோஇன்ஸ்டால் என்ற தானியங்கி நிறுவல் முறையில், வட்டை அதன் வரிசை எண்ணாலோ அளவாலோ அடையாளம் சொல்ல முடிகிறது; பூட் வரியில் (பூட் ஆகும்போது கணினிக்குத் தரும் கட்டளை வரியில்) 'ஆட்டோஇன்ஸ்டால்' என்ற சொல் இல்லையென்றால், வட்டைத் தொடுவதற்கு முன் ஒருமுறை கேட்கவும் செய்கிறது.

நான் பயன்படுத்தும் முறையில் மொழியையும் விசைப்பலகையையும் பூட் வரியிலேயே தர வேண்டியிருப்பது சிறு தொல்லைதான்; நெட்வொர்க்கிலிருந்து கோப்பு வந்து சேர்வதற்குள் அந்தக் கேள்விகள் கடந்துவிடுகின்றன. மற்றபடி, நிறுவலின்போது நான்காம் கன்சோலில் (விசைகளால் மாறிப் பார்க்கும் நான்காம் திரையில்) ஓடும் பதிவும், முடிந்தபின் வார்-லாக் அடைவில் நமக்காக எஞ்சியிருக்கும் அதன் நகலும் பலமுறை கைகொடுத்திருக்கின்றன.

இப்போது வட்டுப் பிரிப்புக்கு முன் ஓடும்படி ஒன்பது வரி ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிச் சேர்த்திருக்கிறேன். அது வட்டின் மாடலையும் அளவையும் திரையில் காட்டி, 20 விநாடி காத்திருந்து, அளவு பொருந்தாவிட்டால் நிறுவலை நிறுத்திவிடுகிறது. இந்த ஒன்பது வரிகளும் நிறுவிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.