ஆஃப்ரோடு ஜீப்பில் எக்ஸ்ட்ரா லைட்: மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு வயரிங் எப்படி இருக்கிறது

ஒரு ஜோடி 55 வாட் ஹாலஜன் டிரைவிங் லைட், ஒரு 12 வோல்ட் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச். பெங்களூரில் மாட்டி, சக்லேஷ்பூர் சேற்றிலும் கனகபுரா பக்கத்துத் தூசியிலும் மூன்று மழைக்காலம் ஓடியாயிற்று. ஒரு பல்பு மாற்றியதைத் தவிர விளக்குகளில் குறையே இல்லை. தொல்லை கொடுத்ததெல்லாம் வயரும், எர்த்தும் (பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு), ஃப்யூஸ் ஹோல்டரும்தான். பெங்களூரில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் விளக்கு விலைக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள், கூட வரும் வயர் கிட்டைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

கிட் வயர் தடியாகத் தெரியும், ஆனால் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறைதான். நுனியைச் சீவி ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வாங்காதீர்கள். 110 வாட்டுக்கு ஏறக்குறைய 9 ஆம்பியர் ஓடும். போக வர 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1 சதுர மி.மீ. செம்பு வயரில் 0.6 வோல்ட்டுக்கு மேல் இழப்பு; 2.5 சதுர மி.மீ. வயரில் கால் வோல்ட்தான். ஹாலஜனுக்கு வோல்ட்டேஜ் 5 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் சுமார் 15 சதவீதம் போய்விடும். மங்கலாக எரிகிறது என்று 100 வாட் பல்பு போடுகிறவர்கள் முதலில் வயரைத்தான் மாற்ற வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் நல்ல வயர் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது.

இணைப்பு இப்படி: பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக ரிலேயில் 30 என்று எண் போட்ட காலுக்கு (85, 86, 87 என்பவையும் அதன் கால்களின் எண்களே). 87-லிருந்து இரண்டு விளக்குகளுக்கும். 85 எர்த்துக்கு. ஹை பீம் வயரிலிருந்து டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக 86. 85-க்கும் 86-க்கும் நடுவில் இருக்கும் ரிலே காயில் 0.2 ஆம்பியர்கூட இழுக்காது, அந்தப் பக்கம் 0.75 சதுர மி.மீ. வயர் போதும். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். அதற்கு முன்னால் வயர் பாடியில் உரசினால் தீ பிடிப்பதைத் தடுக்க எதுவும் இல்லை. ரிலேயின் கால்கள் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் உள்ளே தங்கும்.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சில வண்டிகளில் ஹை பீமை எர்த் பக்கம்தான் ஸ்விட்ச் செய்வார்கள். எச்4 பல்பு (ஹை பீம், லோ பீம் இரண்டும் ஒரே பல்பில்) உள்ள வண்டியில் லோ பீம் எரியும்போதே ஹை பீம் வயரில் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டினால் அந்த வகை. அப்போது 86-க்கு இக்னிஷன் பிளஸ்ஸை ஸ்விட்ச் வழியாகவும், 85-க்கு ஹை பீம் வயரையும் கொடுக்க வேண்டும்.

முதலில் போனது, ஹை பீம் வயரைக் கவ்வும் நீல நிற டேப் (tap) கனெக்டர். உள்ளே இருக்கும் தகடு இழைகளை வெட்டுகிறது. அந்த வெட்டில் மழைத்தண்ணீர் ஏறிச் செம்பு பச்சை பூத்துவிடும். சால்டர் வைத்த இணைப்பும் குலுக்கலுக்கு ஏற்றதில்லை: ஈயம் ஏறிய இடம் விறைத்து, அதன் ஓரத்தில் வயர் முறியும். கிரிம்ப் செய்து (உலோக முனையை வயரோடு நெரித்து), பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போட்ட இணைப்புகள் மட்டும் இன்றுவரை அசையவில்லை.

அடுத்தது ஸ்பிரிங் வைத்த கண்ணாடிக் குழாய் ஃப்யூஸ் ஹோல்டர். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் விளக்கு சிமிட்டியது. தொடர்பு தளர்ந்து, சூடேறி, பிளாஸ்டிக் உருகியிருந்தது. மூடி உள்ள பிளேடு ஃப்யூஸ் ஹோல்டர் போட்டதும் அது நின்றது. எர்த்தைப் பம்பர் பிராக்கெட் போல்ட்டில் கொடுத்ததும் தவறு. சேறு அங்கேதான் அடைகிறது, ஒரே மழைக்காலத்தில் துரு. பெயின்ட் போகத் தேய்த்த இடத்திலும் இதே கதிதான். இரண்டு விளக்கின் எர்த்தையும் பேட்டரி மைனஸுக்கே நேராக இழுத்த பிறகுதான் நிம்மதி.

புல்பாரில் (வண்டியின் முன்னால் கூடுதலாக மாட்டும் உலோகச் சட்டம்) மாட்டாதீர்கள். புல்பாரே சட்ட விரோதம் என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நைலாக் நட் (நைலான் வளையம் வைத்த, குலுக்கலில் தளராத நட்) போட்டுப் பம்பர் பிராக்கெட்டில் மாட்டினால் போதும். கண்கூசும் விளக்குகளுக்கு எதிராக 2024 ஜூலையில் கர்நாடக போலீஸ் வழக்குப் போடத் தொடங்கியது. அதுவும் நியாயம்தான், எதிரே வருபவர் கண்ணும் நம் கண்தான். ஊருக்குள் ஒளி கசியாத கவர் மாட்டியே ஓட்டுங்கள். ஒளியைச் சரிசெய்யும்போது பின்னால் முழு லக்கேஜும் இருக்கட்டும். காலி வண்டியில் செட் செய்தால், பாரம் ஏற்றியதும் மூக்கு தூக்கி ஒளி மரத்தில் அடிக்கும். சக்லேஷ்பூர் பனிமூட்டத்தில் இவற்றை அணைத்துவிடுவதே நல்லது, வெளிச்சம் திரும்பிக் கண்ணிலேயே விழும்.

ஜூன் வருவதற்குள் ஒரு சோதனை. என்ஜின் ஓட, விளக்கு எரிய, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை விளக்கின் பிளஸ்ஸிலும் வையுங்கள், 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மைனஸ் பக்கம் 0.2. அதைத் தாண்டினால் ஒவ்வொரு இணைப்பாக அளந்து வாருங்கள், எண் குதிக்கும் இடத்தில்தான் துரு இருக்கிறது.