ஊர்ப் பெயரா, சாமி பெயரா, புதுப் பெயரா?

கிளிநொச்சியில் அரிசிமாவும் மிளகாய்த்தூளும் பொதி செய்து விற்க இறங்கும் எவருக்கும், பொதிக்குப் பெயர் என்றதும் முதலில் வாயில் வருவது எங்கள் பிரதேசத்தின் பெயரான ‘வன்னி’. அடுத்தது குலதெய்வம் அல்லது பிள்ளையின் பெயர். மூன்றாவது, பொருளோடு சம்பந்தமே இல்லாத ஒரு சொல். நான் எடுத்தது மூன்றாவது. பதிவு முடியும்வரை அதை இங்கே சொல்லமாட்டேன். பேச்சுக்குக் ‘கிளுவை’ என்று வைத்துக்கொள்வோம்.

ஊர்ப் பெயரின் நன்மையை விளக்கத் தேவையில்லை. கொழும்பிலோ கனடாவிலோ இருக்கும் நம்மவர் ‘வன்னி’ என்று கண்டதும் பொதியைக் கையில் எடுப்பார். பிள்ளையின் பெயருக்கு வீட்டில் எதிர்ப்பு வராது, இரண்டாவது பிள்ளை பிறக்கும்வரை. ‘கிளுவை’ என்றால் “வேலிக்கு நடுவதை ஏன் மாவுக்கு வைத்தீர்கள்?” என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். தொடக்கத்தில் சிரமம்தான்.

ஆனால் பெயர் நாளைக்கு யாருக்குச் சொந்தம்? பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியதும் பெயர் தமதாகிவிட்டது என்றே பலர் நினைக்கிறார்கள். வியாபாரக் குறி (trademark), அதாவது உங்கள் பொருளை மற்றவர் பொருளிலிருந்து பிரித்துக் காட்டும் பெயரோ சின்னமோ, வேறு. அதை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதியவேண்டும். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அங்கே அதே வகைப் பொருளுக்கு இன்னொருவர் அந்தப் பெயரைப் பதிந்திருந்தால், சுவரில் தொங்கும் சான்றிதழ் உங்களைக் காப்பாற்றாது.

‘வன்னி’ சறுக்குவதும் இங்கேதான். பொருளின் தன்மையையோ விளைந்த இடத்தையோ மட்டும் சொல்லும் சொல் அந்தச் சட்டத்தில் குறியாகத் தேறுவது கடினம். நியாயமும் அதுவே: மாங்குளத்தில் தேன் எடுப்பவருக்கும் ஒட்டுசுட்டானில் நெல் விதைப்பவருக்கும் அந்தச் சொல் வேண்டும். ஆக, ‘வன்னி அரிசிமா’ என்று நீங்கள் ஓடியோடி வளர்த்த பெயரில் அடுத்த தெருக்காரரும் பொதி போடலாம். உங்கள் பையின் நிறத்தையும் வடிவத்தையும் அப்படியே உரித்துவைத்தால் முறையற்ற போட்டி என்று முறையிட இடமுண்டு. வெறும் சொல்லுக்காக வாதாடுவது வீண் செலவு.

சாமி பெயரிலும் பிள்ளை பெயரிலும் தொல்லை வேறு, எவராவது முந்தியிருப்பார். ஓர் எழுத்தை மாற்றினால் போதாது. ஒலியோ தோற்றமோ ஒத்திருந்து, வாங்குபவர் குழம்பினால் அதுவும் மீறலே. சாமி பெயருக்காக நீதிமன்றம் ஏறியவர் எவரையும் நான் நேரில் அறியேன். ஆகவே இந்த இடத்தில் என் பேச்சை ஒரு சட்டத்தரணியிடம் உரசிப் பாருங்கள்.

எந்தப் பெயரானாலும் பை அச்சடிக்கக் கொடுக்குமுன் தேடுங்கள். குறிப் பதிவுக்காகப் பொருள்களையும் சேவைகளையும் பிரித்திருக்கும் 45 வகுப்புகளில் மா, தேன், மிளகாய்த்தூள் 30இல் வரும், கருவாடு 29இல். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிப் பாருங்கள். பதியாமல் பாவனையில் உள்ள வியாபாரப் பெயருக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதால், சந்தையில் கடை கடையாகவும் விசாரியுங்கள்.

‘வன்னி’யை விட மனம் வராவிட்டால், ‘கிளுவை’யைப் பெரிதாகப் போட்டு, கீழே ‘வன்னி அரிசிமா’ என்று சிறிதாக அச்சிடலாம். என் பையில் அப்படித்தான் இருக்கிறது.