குன்னூர்க் குளிரும் பாஷ் நான்கு ஒயர் ஆக்ஸிஜன் சென்சாரும்

என் பெட்ரோல் காருக்குப் பன்னிரண்டு வயது. வீட்டிலிருந்து நான் பாடம் நடத்தும் பள்ளிக்கு 3 கிலோமீட்டர். குன்னூர்க் காலைக் குளிரில் என்ஜின் சரியாகச் சூடாகும் முன்பே பள்ளி வந்துவிடும். போன டிசம்பரில் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0135 என்ற பழுதுக் கோடு, அதாவது முன்பக்க ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் பழுது. புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்த்து, பெட்ரோல் கூடுதலா குறைவா என்று என்ஜின் கணினிக்குச் சொல்வது இந்தச் சென்சார்தான். லிட்டருக்கு 14 கொடுத்த வண்டி 10-க்கு இறங்கியது. சைலன்சர் பக்கம் நின்றால் பெட்ரோல் வாடை.

ஹீட்டர்தானே என்று விட முடியாது. சென்சாரின் முனையில் இருப்பது யிட்ரியா (யிட்ரியம் ஆக்ஸைடு) கலந்த ஜிர்கோனியா என்ற பீங்கான். யிட்ரியம் சேர்வதால் உள்ளே ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய சில இடங்கள் காலியாகும். அவற்றின் வழியே ஆக்ஸிஜன் அயனிகள் தாவித் தாவிப் போகும். ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று; இரண்டிலும் ஆக்ஸிஜன் அளவு வேறுபடுவதால் மின்னழுத்தம் பிறக்கும். பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட்டை ஒட்டி, காற்று கூடினால் 0.1-ஐ ஒட்டி மின்னழுத்தம் காட்டும். ஆனால் சுமார் 300 டிகிரியாவது சூடேறாமல் அந்தப் பீங்கான் வேலை செய்யாது. 1976-இல் வோல்வோ காரில் பாஷ் நிறுவனத்தின் சென்சார் முதன்முதலில் வந்தபோது ஹீட்டர் கிடையாது, புகையின் சூட்டையே நம்பியிருந்தது. என் 3 கிலோமீட்டருக்கு அது எந்த மூலைக்கு?

முதலில் விலை குறைவாக ஒன்று வாங்கி ஏமாந்தேன். நான்கே மாதத்தில் அதே கோடு. போதாக்குறைக்கு, மாட்டியவர் ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார். அது பெரிய தவறு. பீங்கானின் மறுபக்கத்துக்கு வேண்டிய வெளிக்காற்று பல சென்சார்களில் ஒயர் இழைகளின் இடைவெளி வழியாகத்தான் போகிறது. ஈயம் அதை அடைத்துவிடும். கிரிம்ப் செய்துதான், அதாவது உலோகக் குழாயில் வைத்து நசுக்கித்தான், இணைக்க வேண்டும்.

அப்புறம்தான் பாஷ் வாங்கினேன், 2,900 ரூபாய். ஹீட்டருக்கு இரண்டு வெள்ளை ஒயர், சிக்னலுக்குக் கறுப்பு, கிரவுண்டுக்குச் சாம்பல். மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கப் பூச வேண்டிய பசை ஏற்கெனவே பூசி வந்தது. முனையில் கையோ பசையோ படாமல் பார்த்துக்கொண்டேன். பக்கத்தில் சிலிக்கான் சீலன்ட் எதுவும் பூசவும் விடவில்லை, அதன் ஆவி சென்சாரைக் கெடுத்துவிடும்.

குறைந்த சூட்டிலேயே வேலை செய்யும் பீங்கான் இல்லையா என்று பிளஸ் டூ பிள்ளைகள் கேட்டார்கள். நல்ல கேள்வி. கடோலினியா கலந்த சீரியா என்ற பீங்கானில், அதே சூட்டில் ஜிர்கோனியாவைவிட அயனிகள் எளிதாக ஓடும். ஆனால் ஆக்ஸிஜன் மிகக் குறைந்த, சூடான புகையில் சீரியாவின் உள்ளே எலக்ட்ரானும் ஓடத் தொடங்கி மின்னழுத்தம் சரிந்துவிடும். அதனால் காரில் இன்றும் ஜிர்கோனியாவும் ஹீட்டரும்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மாட்டி ஆறு வாரம் ஆகிறது. விளக்கு எரியவில்லை, மைலேஜ் மறுபடி 14. காலையில் ஸ்கேனரை மாட்டி ஓட்டிப் பார்த்தேன். வழியில் உள்ள பெட்ஃபோர்டு பகுதியைத் தாண்டும் முன்பே வோல்ட் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஆடத் தொடங்கிவிட்டது.