பிஸென் கிண்ணமா, ஹாகி கிண்ணமா?

இரண்டும் ஜப்பானிய மட்பாண்ட வகைகள். ஒகாயாமா பக்கத்து பிஸெனில் மெருகுப்பூச்சே கிடையாது. பைன் விறகில் சூளை பத்து நாளுக்கு மேலும் எரியும். பறந்து ஒட்டும் சாம்பல் எள் தூவியதுபோல் உறைந்துவிடும்; வைக்கோல் சுற்றிய இடம் செந்தழும்பாக நிற்கும். 1956இல் குயவர் கானேஷிகே தோயோ, ஜப்பான் அரசு கலைஞர்களுக்குத் தரும் 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்ற சிறப்பைப் பெற்றது இந்த மண்ணைப் பிசைந்துதான்.

யாமாகுச்சியின் ஹாகி மென்மையான சாதி. பூச்சில் ஓடும் மயிரிழை விரிசல்களில் தேநீர் ஊறி, வருஷக்கணக்கில் நிறம் மாறிக்கொண்டே போகும். புதிதில் கொஞ்சம் கசியவும் செய்யும், பயப்பட வேண்டாம். குடிக்குமுன் தண்ணீரில் ஊறவைத்தால் சரி.

அலமாரிக்கு பிஸென். தினம் குடிக்க என்றால் என் கை ஹாகிக்குத்தான் போகும். அப்புறம், எதை வாங்கினாலும் குயவர் கையெழுத்திட்ட மரப்பெட்டியைத் தொலைத்துவிடாதீர்கள். பெட்டி போனால் விலையும் இறங்கிவிடும்.