ஒன் பை வாக்கம் (சிறியது): தர்மபுரியில் இருந்தபடி ஷோரீல் (வேலை தேடும்போது காட்டும் தொகுப்பு வீடியோ) செய்ய இந்த பென் டேப்லெட் போதுமா?

2டி அனிமேஷன், ஸ்டோரிபோர்டு, கேரக்டர் டிசைன் பக்கம் போக நினைப்பவருக்கு முதல் கருவியாக இது போதும். 3டி அனிமேட்டர் ஆக வேண்டும் என்பவருக்கு இது இப்போதைக்குத் தேவையில்லை. அந்தக் காசில் லேப்டாப்புக்கு ரேம் கூட்டிக்கொள்ளட்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் “நல்லா வரையறான், ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தா பெங்களூருல வேலை கிடைச்சிடும்” என்று நினைக்கிற வீடுகள் இருக்கின்றன. பெங்களூரு ஸ்டுடியோக்களில் இருக்கும் வேலைகளில் கணிசமான பங்கு 3டி சார்ந்தது. ரிக்கிங் (உருவத்துக்கு எலும்புக்கூடு பொருத்துவது), லைட்டிங், கம்போசிட்டிங் (காட்சித் துண்டுகளை ஒன்றாகச் சேர்ப்பது) எல்லாம் மவுஸும் கீபோர்டும் வைத்தே நடக்கின்றன. எந்த வேலை என்று முடிவு செய்துவிட்டுப் பெட்டியைப் பிரிப்பது நல்லது.

இனி பொருளுக்கு வருவோம். மாடல் எண் சிடிஎல்-472. திரை கிடையாது; கறுப்புப் பலகையில் வரைந்தால் கோடு லேப்டாப் திரையில் விழும். வரையும் பரப்பு 152 × 95 மில்லிமீட்டர், ஒரு அஞ்சலட்டையைவிடச் சற்றுப் பெரியது. பேனாவுக்கு பேட்டரி வேண்டாம், சார்ஜும் வேண்டாம்; பலகையிலிருந்து வரும் மின்காந்தப் புலமே அதற்குப் போதும். அழுத்தத்தை 2048 படிகளாகப் பிரித்து அறியும். பேனாவின் சாய்வை அறியாது. பலகையில் ஷார்ட்கட் பொத்தான்கள் இல்லை, பேனாவின் பக்கவாட்டில் இரண்டு மட்டும் உண்டு. விலை நான்காயிரம் ரூபாய்க்கு முன்பின் இருக்கும், பண்டிகைத் தள்ளுபடியில் இன்னும் இறங்கும்.

போட்டிக் கம்பெனிகளின் பெட்டிகளில் 8192 படிகள் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதற்காக மட்டும் மாற வேண்டாம். 2048-க்கும் 8192-க்கும் உள்ள வித்தியாசம் அனிமேஷன் கோட்டில் கைக்குத் தெரியாது. பேனா எவ்வளவு மெல்லத் தொட்டதும் கோடு விழ ஆரம்பிக்கிறது என்பதே முக்கியம், அதில் இந்தப் பேனா நன்றாகவே இருக்கிறது. சாய்வு இல்லாதது பென்சில் ஷேடிங் செய்பவருக்குக் குறை. கோட்டுப் படம் போடுபவருக்கு ஒன்றுமில்லை.

பொருத்தும்போது வரும் தொல்லைகள் நாலைந்துதான். ஆனால் “டேப்லெட் சரியில்லை” என்று மூலையில் போடுகிறவர்கள் பெரும்பாலும் இவற்றில்தான் மாட்டுகிறார்கள்.

முதலாவது, வட்டம் வட்டமாக வராது. லேப்டாப் திரை 1366 × 768 என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 9 பிக்சல் வரும், உயரத்தில் 8 பிக்சல்தான். பலகையில் கச்சிதமாக வட்டம் போட்டாலும் திரையில் அது 11 சதவீதம் அகன்று, முட்டையாகப் படுத்திருக்கும். கை பழகப் பழக இந்தத் தப்பும் சேர்ந்தே பழகிவிடும். பிறகு காகிதத்தில் வரைந்தால் எல்லா முகமும் ஒடுங்கி வரும். வாக்கம் செட்டிங்ஸில் மேப்பிங் பகுதிக்குப் போய் ‘ஃபோர்ஸ் புரபோர்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். கீழே 9 மில்லிமீட்டர் போல வீணாகும், போகட்டும். ஒரு பாட்டில் மூடியைப் பலகைமேல் வைத்துச் சுற்றி வரைந்து பார்த்தால் சரியாகிவிட்டதா என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, அழுத்தினாலும் கோடு தடிக்காது. வாக்கம் செட்டிங்ஸில் ‘விண்டோஸ் இங்க்’ என்ற டிக்கும், வரையும் மென்பொருளில் உள்ள டேப்லெட் செட்டிங்கும் ஒத்துப்போக வேண்டும். உதாரணமாக கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் ‘விண்டேப்’, ‘விண்டோஸ் இங்க்’ இரண்டில் எது தேர்வாகியிருக்கிறது என்று பார்த்து, மாற்றி, மென்பொருளை மூடித் திறங்கள். இதற்கு முன் வேறு கம்பெனி டேப்லெட் அதே லேப்டாப்பில் ஓடியிருந்தால் அதன் டிரைவரை முழுதாக நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்த பிறகே வாக்கம் டிரைவரைப் போட வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் சண்டைதான்.

மூன்றாவது, பேனாவை வைத்ததும் ஒரு வட்டம் சுழன்று, கோடு தாமதமாகக் கிளம்பும். அது விண்டோஸின் வேலை. கன்ட்ரோல் பேனலில் ‘பென் அண்ட் டச்’ திறந்து, அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் ஆகும் வசதியை அணைத்துவிடுங்கள்.

நான்காவது, கோடு நடுங்கும். நம் வீடுகளில் மேஜை இரும்பு, இல்லையென்றால் இரும்புக் கட்டில். மின்காந்தத்தில் இயங்கும் பலகைக்கு அடியில் இரும்புத் தகடு இருந்தால் கோடு ஆடும். நடுவில் ஒரு தடித்த மரப்பலகையோ பெரிய நோட்டுப் புத்தகமோ வையுங்கள். பக்கத்தில் போன் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் தள்ளி வையுங்கள். அப்படியும் ஆடினால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு வரைந்து பாருங்கள். நடுக்கம் நின்றுவிட்டால் கோளாறு வீட்டு எர்த்தில் இருக்கிறது, டேப்லெட்டில் இல்லை.

கேபிள் தனியாகக் கழற்றும் மைக்ரோ யூஎஸ்பி. சார்ஜுக்கு மட்டுமான கேபிளைச் செருகினால் லேப்டாப் கண்டுகொள்ளாது. டேட்டா கேபிள் வேண்டும். இந்த வகைச் செருகுவாய் எந்தக் கருவியிலும் கழற்றிக் கழற்றி மாட்டினால் தளரும். ஒருமுறை மாட்டியதை அப்படியே விட்டு, லேப்டாப் பக்கம் மட்டும் கழற்றுங்கள். வாய் தளர்ந்துவிட்டால் போன் ரிப்பேர் கடையிலேயே சால்டர் வைத்துச் சரிசெய்யலாம், அதற்காக பெங்களூரு போக வேண்டாம்.

பேனாவின் நுனியில் உள்ள நிப் தேயும். பெட்டியில் மாற்று நிப்கள் வரும். நுனி ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்து விளிம்பு கூர்மையானதும் மாற்றிவிட வேண்டும். இழுத்துக்கொண்டு போனால் பலகையில் கீறல் விழும். காகித உணர்வு வேண்டுமென்று மேலே வெள்ளைத் தாள் ஒட்டுகிறவர்கள் உண்டு. வேலை செய்யும், ஆனால் நிப் இன்னும் வேகமாகத் தேயும். பள்ளிக்கூடத்தில் பால்பாயின்ட் பேனாவை அழுத்தி எழுதிப் பழகிய கைகளுக்கு இன்னொரு யோசனை: வாக்கம் செட்டிங்ஸில் ‘டிப் ஃபீல்’ அளவை மென்மைப் பக்கம் நகர்த்துங்கள். நிப்பும் பிழைக்கும், மணிக்கட்டும் பிழைக்கும்.

இந்தச் சிறிய அளவின் உண்மையான குறை மணிக்கட்டில்தான் இருக்கிறது. நல்ல அனிமேஷன் கோடு முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் வர வேண்டும். 152 மில்லிமீட்டர் அகலத்தில் தோளை அசைக்க இடமே இல்லை. அதனால் எல்லோரும் மணிக்கட்டை மட்டும் ஆட்டி, துண்டு துண்டாகக் கோடு இழுக்கிறார்கள். அடுத்தடுத்த ஃப்ரேமில் அந்தத் துண்டுகள் வேறு வேறு இடத்தில் விழுவதால், ஓட்டிப் பார்க்கும்போது உருவம் முழுக்கக் கொதிப்பது போலத் துடிக்கும். இதற்கு வழி, படத்தைப் பெரிதாக்கி வரைவதுதான். க்ளீனப் (கரடுமுரடான படத்தின்மேல் சுத்தமான கோடு போடுவது) செய்யும்போது எல்லா ஃப்ரேமையும் ஒரே ஜூம் அளவில் வரையுங்கள். கை வசதியாக வளையும் திசைக்குத் திரையிலுள்ள தாளைத் திருப்புங்கள்: கிரிட்டாவில் 4, 6 விசைகள் தாளைத் திருப்பும், 5 நேராக்கும், எம் விசை கண்ணாடி போலப் புரட்டிக் காட்டும். ஷார்ட்கட் பொத்தான் இல்லாத குறையும் இதில் அடங்கிவிடும், இடது கை எப்போதும் கீபோர்டில் இருக்கட்டும். பேனாவின் இரண்டு பொத்தான்களில் ஒன்றைத் தாளை நகர்த்துவதற்கு ஒதுக்கிவிடுங்கள். காசு கூடப் போட முடிந்தால் இதே வரிசையில் சிடிஎல்-672 இருக்கிறது, பரப்பு 216 × 135 மில்லிமீட்டர். பலகை பெரிதாக வேண்டும், ஆனால் செலவு ஏறக்கூடாது என்றால் எக்ஸ்பி-பென் டெகோ 01 வி2 பார்க்கலாம்: பத்து அங்குல அகலம், எட்டுப் பொத்தான், சாய்வும் உண்டு.

மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கிரிட்டா இலவசம். 2016-லிருந்து ஓப்பன்டூன்ஸ் என்ற 2டி அனிமேஷன் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. 3டி மென்பொருளான பிளெண்டரும் அப்படியே, அதன் கிரீஸ் பென்சில் வசதியில் 2டி வரையலாம். திருட்டு மென்பொருளில் வைரஸ் வாங்கி லேப்டாப்பைக் கெடுத்துக்கொள்வதற்குக் காரணமே இல்லை.

இடிக்கப்போவது நினைவகம். 1920 × 1080 அளவில் ஒரு ஃப்ரேம், பிக்சலுக்கு 4 பைட் கணக்கில், 8.3 எம்பி. நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் பத்து நொடிக்கு 240 ஃப்ரேம், கிட்டத்தட்ட 2 ஜிபி. விண்டோஸும் கிரிட்டாவும் எடுத்துக்கொள்வது தனி. 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் இது திக்கித் திணறும், பழி டேப்லெட் மேல் விழும். பயிற்சியை 1280 × 720-இல் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஃப்ரேம் 3.7 எம்பிதான். ஷோரீலுக்கான இறுதி ஷாட்டை மட்டும் முழு அளவில், மூன்று நொடித் துண்டாகச் செய்யுங்கள்: 72 ஃப்ரேம், 600 எம்பி. நீளமான ஒரே கோப்பாகச் செய்து கடைசியில் வெட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். வீடியோவாக வெளியேற்ற எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருள் தேவை, கிரிட்டா 5.2 முதல் அது கூடவே வருகிறது.

இந்த டேப்லெட்டில் என்ன செய்தால் வேலைக்கு உதவும்? முதலில் துள்ளும் பந்து. உச்சியில் படங்கள் நெருக்கமாகவும், தரையை நெருங்க நெருங்க அகலமாகவும் விழ வேண்டும். சம இடைவெளியில் போட்டால் பந்து கம்பியில் கோத்தது போல நகரும். நசுங்குவது தரையைத் தொடும் படத்தில் மட்டும். அதற்கு முந்தைய படத்திலேயே நசுக்கிவிடுவது எல்லோரும் செய்கிற தப்பு. அடுத்தது நடை. இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம் என்று வைத்து, 24 ஃப்ரேமில் இரண்டு அடி. கால் தரையைத் தொடும் நிலை 1-லும் 13-லும், உடல் தாழும் நிலை 4-ஐ ஒட்டி, ஒரு கால் மற்றதைத் தாண்டும் நிலை 7-இல், உடல் எழும் நிலை 10-ஐ ஒட்டி. இடுப்பு ஏறி இறங்காவிட்டால் கால் மட்டும் அசையும் பொம்மைதான் கிடைக்கும்.

மூன்றாவது எடை. இங்கேதான் நம் ஊருக்கு லாபம். இணையத்தில் எல்லோரும் செய்யும் பெட்டி தூக்கும் மனிதனையே நீங்களும் செய்ய வேண்டாம். மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி மண்டியில் கூடை தூக்குபவர்கள், பாலக்கோட்டில் தக்காளிப் பெட்டி ஏற்றுபவர்கள், ஒகேனக்கல்லில் துடுப்புப் போடும் பரிசல்காரர்கள் எல்லோரும் பார்த்து வரையக் கிடைக்கிறார்கள். கூடையைத் தூக்குமுன் உடல் எந்தப் பக்கம் சரிகிறது, எந்தக் காலில் பாரம் விழுகிறது, தலைக்குப் போனதும் கழுத்து எப்படி நிமிர்கிறது என்று பாருங்கள். அதைத் தாளில், பென்சிலில், ஆளுக்கு முப்பது நொடி என்று வரையுங்கள். டேப்லெட்டை மண்டிக்குத் தூக்கிப் போகாதீர்கள். பார்த்து வரைந்த நோட்டுப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து போர்ட்ஃபோலியோவில் வைக்கலாம். வரைந்தவருக்கு உடல் இயக்கம் புரிகிறதா என்று அதில் தெரியும். தெருக்கூத்து நடக்கும் ஊர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது, கிரீடமும் பாவாடையும் சுழலும்போது உடலுக்குப் பின்னால் துணி தாமதித்து வருவதை அங்கே இலவசமாகப் படிக்கலாம்.

ஷோரீல் ஒரு நிமிடத்துக்குள். சிறந்த ஷாட் முதலில். பார்ப்பவர் பத்து நொடியில் முடிவு செய்துவிடுவார் என்று எண்ணிக்கொண்டே அடுக்குங்கள். பெயரும் தொடர்பும் தொடக்கத்திலும் முடிவிலும். கூட்டுவேலை என்றால் நீங்கள் செய்தது எது என்று ஷாட்டின் ஓரத்தில் எழுதுங்கள். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற விஷுவல் எஃபெக்ட்ஸ் கம்பெனியின் பெங்களூரு கிளை மூடப்பட்டதில் அனுபவசாலிகள் பலர் ஒரே நேரத்தில் வேலை தேடும்படி ஆனது. சுமாரான ஐந்து ஷாட்டைவிட நல்ல இரண்டு ஷாட் போதும் என்பது இப்போது இன்னும் பொருந்தும். லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் தனியார் கோர்ஸில் சேருமுன், சென்ற ஆண்டு மாணவர்களின் ஷோரீலைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடலாம். பட்டப்படிப்பாகவே வேண்டுமென்றால் சென்னை தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் படிப்பு இருக்கிறது.

வாங்குவது எங்கே? தர்மபுரி, கிருஷ்ணகிரிக் கடைகளில் இருப்பில் வைத்திருப்பது அபூர்வம். ஆர்டர் எடுத்து வரவழைத்துத் தருவார்கள். ஆன்லைன் இன்னொரு வழி. கையில் பிடித்துப் பார்க்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோடு. தர்மபுரியிலிருந்து ஓசூர் வழியாக ரயில் உண்டு. கிருஷ்ணகிரி நகரில் ரயில் நிலையம் இல்லை, பஸ்தான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அடைத்த கடைகளே அதிகம் இருக்கும்.

பழையது வாங்கினால் லேப்டாப்பையும் கொண்டு போங்கள். ஸ்கேலைக் குறுக்காக வைத்து மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். அலை அலையாக வந்தால் வேண்டாம். நான்கு மூலையிலும் அழுத்திப் பாருங்கள். வரைந்துகொண்டிருக்கும்போதே கேபிளை லேசாக அசையுங்கள், கோடு அறுந்தால் செருகுவாய் போயிருக்கிறது, அதற்கேற்ப விலையைக் குறைக்கலாம். பேனா இல்லாமல் பலகை மட்டும் கிடைத்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்; பேனாவைத் தனியாகத் தேடி வாங்கினால் மொத்தச் செலவு புதியதை நெருங்கிவிடும்.